ஒரு யாப்புக்கு 14 கோப்பா?

கணினிக் கேள்வி – பதில்

ஒரே ஆவணம் பல கோப்புகளாகப் பெருகி, எது சரியானது என்று தெரியாமல் தடுமாறும் வாசகர்களின் கேள்விகள் இம்முறை.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தின் யாப்பை (அமைப்பு விதிகளை) திருத்தி வருகிறோம். மடிக்கணினியில் ‘யாப்பு இறுதி’, ‘யாப்பு இறுதி புதிது’, ‘யாப்பு உண்மையான இறுதி’, ‘யாப்பு இறுதி (2)’ என்று 14 வேர்ட் கோப்புகள் கிடக்கின்றன. பொதுச்சபைக் கூட்டத்துக்கு எதை அச்சிடுவது என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் ஜொப்ளின் குறிப்பேட்டு மென்பொருளுக்குள் போட்டு ஒழுங்குபடுத்தலாமா?
– செயலாளர், சாவகச்சேரி

பதில்: போடலாம், ஆனால் இப்போதே வேண்டாம். கண்டதையும் அலுமாரிக்குள் அடைத்துக் கதவைச் சாத்தின மாதிரி ஆகிவிடும். முதலில் அந்த 14இல் எத்தனை பதிப்பு, எத்தனை பிரதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளடக்கம் மாறியிருந்தால் அது பதிப்பு. அதே உள்ளடக்கம் இன்னொரு பெயரில் கிடந்தால் அது வெறும் பிரதி. 14 கோப்பு என்று பயந்தாலும் உண்மையான பதிப்புகள் அதைவிடக் குறைவாகத்தான் தேறும்.

‘யாப்பு-பழையவை’ என்று ஒரு போல்டர் திறந்து 14ஐயும் அதற்குள் கொப்பி பண்ணுங்கள். இருக்கும் இடத்திலிருந்து நகர்த்த வேண்டாம். எங்காவது பிழை நேர்ந்தாலும் மூலங்கள் அப்படியே இருக்கும். பிறகு 7-சிப் என்ற இலவச மென்பொருளை நிறுவி, கோப்புகளை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து, வலது கிளிக் மெனுவில் அதன் எஸ்எச்ஏ-256 கணிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் நீண்ட எண்) எடுத்துப் பாருங்கள். இரண்டு கோப்புக்கு ஒரே நீண்ட எண் வந்தால் அவை எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அந்தப் போல்டரிலிருந்து அழிக்கலாம்.

இதை மறுபக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண் வேறாக இருந்தால் உள்ளடக்கமும் வேறு என்று அர்த்தம் இல்லை. வேர்ட் கோப்பைத் திறந்து, ஓர் எழுத்தையும் தொடாமல் மறுபடி சேமித்தாலே, கடைசியாகச் சேமித்த நேரமும் திருத்த எண்ணிக்கையும் கோப்புக்குள் மாறிவிடும். அதனோடு எண்ணும் மாறும்.

மிஞ்சியவற்றைக் கால ஒழுங்கில் அடுக்க வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். விண்டோஸ் பட்டியலில் தெரியும் ‘டேட் மொடிஃபைட்’ திகதியை நம்ப வேண்டாம். வட்ஸ்அப்பில் வந்த கோப்புக்கும் மின்னஞ்சலில் இறக்கிய கோப்புக்கும் அங்கே தெரிவது பெரும்பாலும் அது உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்த நேரம். கோப்பில் வலது கிளிக், புரொப்பர்ட்டீஸ், டீரெயில்ஸ் என்று போய், ‘ஒரிஜின்’ பகுதியில் ‘டேட் லாஸ்ட் சேவ்ட்’ என்பதைப் பாருங்கள். இது கோப்புக்குள்ளேயே எழுதப்பட்ட திகதி. எத்தனை கை மாறினாலும் கூடவே வரும். யார் கடைசியாகச் சேமித்தார் என்பதும் பக்கத்தில் இருக்கும். ஒரேயொரு இடத்தில் இதுவும் ஏமாற்றும்: தாய்ப்பலகையின் சின்ன வட்ட பற்றரி செத்துப்போன பழைய கணினியில் சேமித்த கோப்பு. கடிகாரம் பின்னுக்குப் போய்விட்ட கணினி, பல வருடத்துக்கு முந்திய திகதியைப் போட்டுவிடும். நிலையத்துப் பழைய கணினியில் தட்டச்சு நடந்திருந்தால் இதை மனதில் வையுங்கள்.

அடுக்கியதும் அடுத்தடுத்த இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். வேர்டில் ரிவியூ, கொம்பெயர், மறுபடி கொம்பெயர். பழையதை ‘ஒரிஜினல்’ பெட்டியிலும் புதியதை ‘ரிவைஸ்ட்’ பெட்டியிலும் கொடுங்கள். ‘மோர்’ பொத்தானை அழுத்தி, ‘ஃபோமட்டிங்’, ‘வைட் ஸ்பேஸ்’ இரண்டிலும் உள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாரோ எழுத்தளவை 12இலிருந்து 11ஆக மாற்றியதும் திருத்தமாகத் தெரியும். மாற்றங்களைச் சொல் மட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். எழுத்து மட்டத்தில் காட்டினால் தமிழில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிவந்து வாசிக்கவே முடியாது. விளைவு மூன்றாவது கோப்பாகத் திறக்கும். மூலங்கள் இரண்டும் மாறாது.

இப்படிப் பார்க்கும்போது ஒரு கிளை பிரிந்திருப்பது தெரியவரலாம். தலைவர் ஒரு கோப்பில் உறுப்புரிமைக் கட்டணத்தைத் திருத்தியிருப்பார். பொருளாளர் அதே பழைய கோப்பை எடுத்துக் கணக்காய்வுப் பிரிவைத் திருத்தியிருப்பார். இரண்டில் எது பிந்தியது என்று பார்த்து மற்றதைக் கைவிட்டால் ஒருவருடைய வேலை போய்விடும். இதற்கு ‘கொம்பெயர்’ போதாது, அதன் கீழேயுள்ள ‘கொம்பைன்’ வேண்டும். அது இருவர் திருத்தங்களையும் ஒரே கோப்பில் அவரவர் பெயரோடு காட்டும். ஏற்பதும் விடுவதும் உங்கள் கையில். ஒரே வரியை இருவரும் வேறுவேறாகத் திருத்தியிருந்தால் எது சரி என்பதை நிர்வாக சபைதான் சொல்ல வேண்டும்.

இனிப் பெயரிடல். ‘இறுதி’ என்ற சொல்லைக் கோப்புப் பெயரில் தடைசெய்துவிடுங்கள். யாப்பு எப்போது இறுதியாகும் என்பது கூட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். அதற்குப் பதிலாக ‘யாப்பு_04_2025-06-08’ போன்ற ஓர் ஒழுங்கு போதும். ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். நாளை முதலில் எழுதினால் 05-12-2024 மேலேயும் 14-03-2023 கீழேயும் வந்து நிற்கும். எண்ணை 4 என்று எழுதாமல் 04 என்று எழுதுங்கள். விண்டோஸ் 9ஐ 10க்கு முன் வைக்கும், ஆனால் எல்லாச் செயலிகளும் அப்படி வைப்பதில்லை. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது.

தமிழில் பெயரிடுபவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸில் நீளமான தமிழ்ப் பெயர் பிரச்சினை தராது. அதே கோப்பை அன்ட்ரொயிட் தொலைபேசிக்கு மாற்றும்போது சிலவேளை ஏற்க மறுக்கும். அங்கே பெயருக்கு 255 பைட்டுகள்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். ‘கொ’ என்பது மெய்யும் குறியுமாக இரண்டு குறியீடு, 6 பைட். மொத்தம் 85 குறியீட்டுக்கு மேல் போகாது. ‘நிலைய யாப்புத் திருத்தக் குழுவின் மூன்றாவது அமர்வில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரைவு’ என்று முழுக்கதையும் பெயரில் எழுத வேண்டாம்.

அந்தக் கதைக்கு உரிய இடம் நீங்கள் கேட்ட குறிப்பேடு. இப்போது ஜொப்ளினைத் திறவுங்கள். யாப்புக்கு ஒரேயொரு குறிப்பு. அதில் இப்படி எழுதுங்கள்:

நடப்பு: 05 (வேலையில் உள்ளது, செயலாளர் கணினி)
04 | 2025-06-08 | நிர்வாக சபைக்கு அனுப்பியது | பிரிவு 7: சந்தா மாற்றம்
03 | 2025-05-11 | தலைவர், பொருளாளர் திருத்தங்கள் சேர்த்தது
02 | 2025-04-20 | பிரதேச சபைக்குக் காட்டியது, பி.டி.எஃப்.

ஒவ்வொரு வரியிலும் எண், திகதி, யாருக்குப் போனது, என்ன மாறியது. இதில் கடைசி இரண்டுதான் முக்கியம். திகதியைக் கோப்பிலிருந்து எப்படியும் தோண்டி எடுத்துவிடலாம். ஏன் மாறியது என்பதை ஆறு மாதத்துக்குப் பிறகு எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. ‘நடப்பு’ என்ற வரி எப்போதும் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு வந்தால் கிளை பிரிந்துவிட்டது என்று உடனே தெரியும்.

வெளியே போன பதிப்பு எதுவோ, அதை அன்றே பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள். அதைத் திருத்தக் கூடாது. ஓர் எழுத்துப்பிழை கண்டாலும் திருத்தம் அடுத்த எண்ணில்தான். நிர்வாக சபை வாசித்த 04ம் உங்கள் கணினியில் உள்ள 04ம் வேறாக இருந்தால், கூட்டத்தில் முதலில் வரும் சண்டை அதைப் பற்றித்தான்.

கேள்வி: ஆய்வுக்கட்டுரையின் மூன்றாம் அத்தியாயத்தை ஜொப்ளின் குறிப்பில் வேர்ட் கோப்பாக இணைத்து வைத்தேன். இரண்டு கிழமை டெஸ்க்டொப்பில் திருத்தி வேலை செய்தேன். குறிப்பிலிருந்து திறந்தால் பழையதுதான் வருகிறது. மென்பொருளில் பிழையா?
– பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

பதில்: பிழை இல்லை. இணைத்த கணத்தில் ஜொப்ளின் அந்தக் கோப்பின் ஒரு பிரதியை எடுத்துத் தன் களஞ்சியத்தில் வைத்துவிட்டது. அன்றிலிருந்து டெஸ்க்டொப்பில் உள்ளது வேறு, குறிப்பில் உள்ளது வேறு. ஒன்நோட்டிலும் இதே கதை. ஒப்சிடியன் என்ற இன்னொரு குறிப்பேட்டு மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டாலும் அதன் பெட்டகத்துக்குள் (குறிப்புகள் இருக்கும் போல்டருக்குள்) ஒரு பிரதிதான் உருவாகும்.

ஆகவே முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: இந்தக் கோப்பு இன்னும் மாறுமா? மாறும் என்றால் இணைக்க வேண்டாம், இருக்கும் இடத்துக்கு இணைப்புச் சுட்டி மட்டும் கொடுங்கள். மாறாது என்றால், அதாவது மேற்பார்வையாளருக்கு அனுப்பிய பி.டி.எஃப்., அவர் குறிப்பெழுதித் திருப்பித் தந்த பிரதி ஆகியவை என்றால், தாராளமாக இணையுங்கள். அவற்றுக்குக் களஞ்சியம்தான் பாதுகாப்பான இடம். சுட்டியின் பலவீனம், கோப்பை இடம் மாற்றினாலோ பெயர் மாற்றினாலோ அறுந்துவிடும் என்பது. அதனால் வேலைக்கோப்பின் பெயரில் பதிப்பு எண் போட வேண்டாம். ‘அத்தியாயம்3_வேலை’ என்று கடைசிவரை ஒரே பெயர், ஒரே இடம். எண் அனுப்பிய பிரதிகளுக்கு மட்டும்.

‘குறிப்பேட்டிலேயே பழைய பதிப்புகள் தானாகச் சேமிக்கப்படுமே’ என்று நினைத்திருப்பீர்கள். சேமிக்கும், ஆனால் குறிப்பில் தட்டச்சிட்ட எழுத்தைத்தான். ஜொப்ளின் மாறா அமைப்பில் (நீங்கள் அமைப்பை மாற்றாவிட்டால்) 90 நாள் வரலாறு வைத்திருக்கும். பழையதை மீட்டால் இப்போதையதன்மேல் எழுதாமல், மீட்ட குறிப்புகளுக்கான தனிக் குறிப்பேட்டில் போடும். நல்ல பழக்கம். ஒப்சிடியனின் ‘ஃபைல் ரெகவரி’ 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து 7 நாள் வைத்திருக்கும். இரண்டையும் அமைப்புகளில் கூட்டலாம். ஆனால் இணைத்த வேர்ட் கோப்பின் பழைய உருவத்தை இரண்டும் காப்பதில்லை. ஒப்சிடியன் எடுத்தவை அந்தந்தக் கணினியிலேயே தங்குவதால், மடிக்கணினியில் திருத்தியதைத் தொலைபேசியில் போய்த் தேடினால் கிடைக்காது.

இப்போதைக்கு: டெஸ்க்டொப்பில் உள்ளதே உங்கள் நடப்புப் பதிப்பு. குறிப்பில் உள்ள பழைய இணைப்பை அழிக்காமல் ‘01, இரண்டு கிழமைக்கு முன்’ என்று பெயரிட்டு விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய மாணவர் சங்க அறிக்கையைக் கூகுள் டொக்ஸில் எழுதுகிறோம். கனடாவில் உள்ள கிளையினரும் அதிலேயே திருத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் நான் எழுதிய இரண்டு பந்தி இல்லை. யார் எடுத்தது, எப்படி மீட்பது?
– ஆசிரியை, கொக்குவில்

பதில்: பைல், வேர்ஷன் ஹிஸ்டரி, சீ வேர்ஷன் ஹிஸ்டரி. வலப்பக்கத்தில் திகதி நேரத்தோடு பட்டியல் வரும். ஒவ்வொருவருடைய மாற்றமும் வேறு நிறத்தில் தெரியும். நேரம் உங்கள் இடத்து நேரத்தில் காட்டப்படும். ரொறன்ரோ எங்களுக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பின்னால் நிற்கிறது. அவர்களுடைய சனி இரவு வேலை உங்களுக்கு ஞாயிறு காலையாகத் தெரியும். ‘நான் சனிக்கிழமைதான் தொட்டேன்’ என்று அவர் சொன்னால் அது பொய் இல்லை.

மீட்கும்போது ‘ரெஸ்டோர்’ பொத்தானை அழுத்த வேண்டாம். அது முழு ஆவணத்தையும் அந்த நேரத்துக்குத் திருப்பிவிடும். பிறகு மற்றவர்கள் எழுதியதும் மறைந்து, அடுத்த சண்டை தொடங்கும். பழைய பதிப்பைத் திறந்து உங்கள் இரண்டு பந்தியை மட்டும் கொப்பி பண்ணி, இன்றையதில் ஒட்டுங்கள்.

தானாகச் சேரும் பதிப்புகளைக் கூகுள் காலப்போக்கில் ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். ஆகவே கூட்டத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு தடவையும் ‘நேம் கரன்ட் வேர்ஷன்’ கொடுத்துப் பெயர் வையுங்கள். ஓர் ஆவணத்துக்கு 40 பெயர் வரை வைக்கலாம். ‘மேக் எ கொப்பி’ எடுத்தால் புதுக் கோப்பு வரலாறு இல்லாமல் பிறக்கும். வேர்டாகத் தரவிறக்கினாலும் வரலாறு கூட வராது. யாராவது தரவிறக்கித் திருத்தி மின்னஞ்சலில் அனுப்பினால் அதை ஏற்காமல், ‘டொக்ஸிலேயே சஜெஸ்டிங் முறையில் போடுங்கோ’ என்று திருப்பி அனுப்புவதே நல்லது. கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருக்கும். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் விட வேண்டிவரும்.

கூகுள் டிரைவில் வேர்ட் கோப்பாகவே ஏற்றி வைத்தால் விதி வேறு. அதே பெயரில் மறுபடி ஏற்றும்போது ‘ரிப்ளேஸ்’ கொடுத்தால்தான் பதிப்பாகச் சேரும். பழையவை 30 நாளில், அல்லது 100 பதிப்பு சேர்ந்ததும், அழியும். வேண்டியதை ‘மனேஜ் வேர்ஷன்ஸ்’ பகுதியில் ‘கீப் ஃபொரெவர்’ என்று குறிக்க வேண்டும்.

கேள்வி: 31ஆம் நாள் நினைவு மலருக்காக நான் யுனிகோட்டில் எழுதி அச்சகத்துக்குக் கொடுத்தேன். அவர்கள் பாமினியில் திருத்தித் தந்ததை வேர்டில் என்னுடையதோடு ஒப்பிட்டால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சிவப்பு. என்ன மாற்றினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். மெய்யின் மேல் புள்ளிக்கு அங்கே அரைப்புள்ளிதான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. வேர்ட் முகமூடியைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் ஒப்பிடும். சிவக்காமல் என்ன செய்யும்?

முதல் வேலை மாற்றுவது. பாமினியை யுனிகோட்டாக்கும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. முழு ஆவணத்தையும் ஒரே அடியாக ஒட்டிவிடாதீர்கள். இடையில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்கள், மருமக்களின் நகரங்கள், மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் தமிழ்க் குப்பையாக வெளியே வரும். வேர்டின் மேம்பட்ட தேடலில் ‘ஃபோமட், ஃபொண்ட்’ கொடுத்து பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் தெரிவுசெய்து மாற்றுங்கள்.

மாற்றிய பிறகும் சில சொற்கள் காரணமில்லாமல் சிவந்து நிற்கும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கும். ‘கொ’ என்பதை யுனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம்: ‘க’வுக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறி, அல்லது ‘ெ’ ஒன்று, ‘ா’ ஒன்று எனப் பிரிந்த இரண்டு குறி. சில மாற்றிகள் பிரித்தே தரும். சோதிக்க வழி எளிது. அந்த எழுத்துக்குப் பின்னால் கேர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். ‘க’ மட்டும் மிஞ்சினால் ஒற்றைக் குறி. ‘கெ’ மிஞ்சினால் பிரிந்த குறி. ‘ோ’வுக்கும் இதே சோதனைதான், பிரிந்திருந்தால் ‘கே’ மிஞ்சும். ‘கௌ’ இன்னும் மோசம். அதில் ‘ள’ என்ற எழுத்தையே போட்டு ‘கெள’ என்று ஒப்பேற்றியிருப்பார்கள். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு உருவம் உண்டு: ‘ஸ’வில் தொடங்குவது ஒன்று, 2005இல் யுனிகோட்டில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்குவது மற்றது. பெயருக்கு முன் ஸ்ரீ வரும் மலரில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பிரிந்த கொம்பையும் காலையும் ஒன்றாக்க, ‘யுனிகோட் நோமலைசேஷன் – என்எப்சி’ என்ற வசதியுள்ள மாற்றியில் ஒருமுறை ஓட்டி எடுங்கள். ‘ள’ப் போட்ட ஔகாரத்தையும் ஸ்ரீயையும் அது தொடாது. அவற்றைத் தேடிக் கையால்தான் மாற்ற வேண்டும்.

மாற்றம் முடிந்ததும், ஓர் எழுத்தையும் திருத்த முன், அதைத் தனிப் பதிப்பாகச் சேமித்து, குறிப்பேட்டில் ‘எழுத்துரு மாற்றம் மட்டும்’ என்று எழுதுங்கள். மாற்றத்தையும் திருத்தத்தையும் ஒரே பதிப்பில் செய்தால், பிறகு எது அச்சகத்தின் திருத்தம், எது மாற்றியின் கோளாறு என்று பிரிக்கவே முடியாது. இந்தத் தனிப் பதிப்பை உங்கள் மூலத்தோடு ஒப்பிட்டால் அச்சகம் தொட்ட இடங்கள் மட்டும் சிவக்கும்.

வம்சாவளிப் பக்கத்தை மட்டும் கையால் பாருங்கள். அது அட்டவணையாகவோ படமாகவோ இருக்கும், ஒப்பீடு அதில் சரியாக வேலை செய்யாது. மலரில் ஆட்கள் முதலில் திறப்பதும் அந்தப் பக்கத்தைத்தான்.

கேள்வி: வீட்டு ஆவணங்களை ஸ்கான் பண்ணி ஒன்நோட்டில் வைக்கிறேன். பிறப்புச் சான்றிதழ் மட்டும் ஐந்து வந்துவிட்டது: பழைய பிரதி, புதிதாக எடுத்த பிரதி, ஆங்கில மொழிபெயர்ப்பு, தொலைபேசியில் எடுத்த படம், சிறிதாக்கிய பி.டி.எஃப். எதை வைப்பது, எதை எறிவது? காணி உறுதிக்கும் இதே பிரச்சினை.
– இல்லத்தரசி, நல்லூர்

பதில்: இவை பதிப்புகளே அல்ல. பதிவு ஒன்று, அதிலிருந்து வேறு வேறு நாளில் எடுத்த பிரதிகள் இவை. ஆளுக்கு ஒரு பக்கம் திறந்து, சான்றிதழ் பிரதியை அது வழங்கப்பட்ட திகதியோடு பதியுங்கள். சில இடங்களில் அண்மையில் எடுத்த பிரதிதான் கேட்பார்கள். மொழிபெயர்ப்பை எந்தப் பிரதியைப் பார்த்துச் செய்தார்களோ அதன் கீழேயே வையுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறார் என்பதைப் பக்கத்தின் மேலே எழுதிவிடுங்கள். கடவுச்சீட்டில் ஓர் எழுத்து வேறானாலும் பிறகு அலைய வேண்டிவரும். அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். 9 இலக்கமும் ஓர் எழுத்தும் உள்ள பழைய எண், 12 இலக்கப் புதிய எண், இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்த ஸ்கான்தான் மூலம். சிறிதாக்கியதை எப்போதும் மறுபடி செய்யலாம், எறியுங்கள். தொலைபேசிப் படத்தையும் எறியலாம்.

உறுதியில் மட்டும் எதையும் எறிய வேண்டாம். பங்கு பிரித்துப் புதிய நில அளவைப் படம் வந்த பிறகும் பழைய படம் தேவை. முந்திய உறுதிகள் பழைய படத்தின் எண்ணையும் திகதியையும்தான் சுட்டும். 8 பரப்புக் காணி எப்படி இரண்டு 4 பரப்பானது என்பதைப் பின்னால் காட்ட அந்தச் சங்கிலி முழுவதும் வேண்டும்.

கேள்வி: கரண்ட் போய் இரண்டு மணித்தியால வேலை போய்விட்டது. வேர்டில் பழைய பதிப்பு எங்கேயாவது இருக்குமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: பைல், இன்போ, மனேஜ் டொக்கியுமென்ட், ‘ரெகவர் அன்சேவ்ட் டொக்கியுமென்ட்ஸ்’. அங்கே இருக்கலாம். மாறா அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும், அதை 2 ஆக்குங்கள். ‘ஓட்டோசேவ்’ என்பது வேறு, ஒன்டிரைவ் போன்ற மைக்ரோசொஃப்ட் இணையச் சேமிப்பில் உள்ள கோப்புகளுக்குத்தான் அது இயங்கும். அதில் ஒரு பொறியும் உண்டு. போன வருட அறிக்கையைத் திறந்து இந்த வருடத்துக்கு மாற்றத் தொடங்கினால், நீங்கள் ‘சேவ்’ அழுத்தாமலே போன வருடத்தது அழிந்துகொண்டிருக்கும். முதலில் ‘சேவ் எ கொப்பி’, பிறகு திருத்தம். ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால் ஒன்டிரைவின் பதிப்பு வரலாற்றில் தேடுங்கள். தனிப்பட்ட கணக்குக்குக் கடைசி 25 பதிப்புகள் கிடைக்கும்.

கேள்வி: லிப்ரே ஒபிஸில் ஒரே கோப்புக்குள்ளேயே பதிப்புகளை வைக்கலாம் என்கிறார்கள். நல்லதா?
– தட்டச்சு நிலையத்தினர், மானிப்பாய்

பதில்: தனி ஆளுக்கு மிக நல்லது. பைல், வேர்ஷன்ஸ், சேவ் நியூ வேர்ஷன். ஏன் சேமித்தீர்கள் என்று எழுதவும் பெட்டி உண்டு. கோப்பு லிப்ரே ஒபிஸின் சொந்த வடிவமான ஓ.டி.டி.யில் இருக்க வேண்டும். ‘சேவ் அஸ்’ கொடுத்தால் புதுக் கோப்பில் பழைய பதிப்புகள் இருக்காது. உங்களைப் போல வாடிக்கையாளருக்குக் கோப்பைக் கொடுப்பவர்கள் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மூலக்கோப்பை அப்படியே கொடுத்தால் உள்ளே உள்ள எல்லாப் பழைய பதிப்பும் அவருக்குப் போகும், முதலில் எழுதி வெட்டிய வரிகள் உட்பட. கொடுக்கும் பிரதியை ‘சேவ் அஸ்’ செய்தே கொடுங்கள்.

கேள்வி: பழைய பதிப்புகளை எப்போது அழிக்கலாம்?
– வாசகர், கைதடி

பதில்: ஒருவருக்கும் அனுப்பாத இடைநிலைக் கோப்புகளை, அடுத்த பதிப்பு வெளியே போய் ஒரு மாதம் கழிந்ததும் அழிக்கலாம். அனுப்பியவற்றை அழிக்க வேண்டாம், பி.டி.எஃப். என்ன பெரிய இடம் பிடிக்கப்போகிறது? அழிக்க முன் ஒரு வெளிவன்தட்டில் முழுவதையும் எடுத்து, இரண்டு மூன்றையாவது அங்கிருந்தே திறந்து பாருங்கள். டிரைவில் இருக்கிறதே என்று விட வேண்டாம். கணினியோடு ஒத்திசையும் போல்டரில் நீங்கள் அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும்.